‘போய் இறங்குங்க, பெர்மிட் அங்கே அடிச்சுக்கலாம்’: மலேசியா கிளம்பும் தம்பிகள் படிக்கவும்

திருச்சி லாட்ஜில் ரூம் போட்டு இன்டர்வியூ நடத்திக்கொண்டிருந்த மலேசிய வேலை ஏஜென்ட்கள் இப்போது அறந்தாங்கி வரைக்கும் வந்துவிட்டார்கள். ஹோட்டல் வேலை, மாதம் 1,500 ரிங்கிட், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், ஒன்றரை லட்சம் கட்டினால் உடனே ஃபிளைட். 2024 தொடக்கத்தில் என்னிடமும் இதே பேச்சுதான். அக்கா நகை அடகுக்குப் போனது.

விசா என்று என் கையில் கொடுத்தது ஒரு பிரிண்ட் அவுட். மலேசிய இமிகிரேஷன் பெயர், என் பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் கச்சிதமாக இருந்தது. அது விசாவே இல்லை. அந்த நாட்டுக்குப் போகிறவர்கள் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்பும் டிஜிட்டல் வருகை அட்டை. அதற்குக் காசே கிடையாது! 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் சுற்றிப் பார்க்கப் போய் வரலாம். அந்தச் சலுகையை வைத்துத்தான் இவர்கள் ஆள் ஏற்றுகிறார்கள்.

"கவுன்டர்ல கேட்டா பத்துமலை முருகனைக் கும்பிடப் போறேன்னு சொல்லுங்க தம்பி" என்று சொல்லி, செலவுக்குப் பணம் இருப்பதாக அதிகாரிகளிடம் காட்டுவதற்கு ஒரு கவரில் டாலர் கொடுத்தார் ஏஜென்ட். கோலாலம்பூரில் வெளியே காத்திருந்த ஆள் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கவரை வாங்கி எண்ணினான், அடுத்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டான். பாஸ்போர்ட்டை அப்படி வாங்கி வைத்துக்கொள்வது மலேசியச் சட்டப்படியே குற்றம்.

கோலாலம்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடை. விடிவதற்கு முன் பாத்திரத் தொட்டி முன்னால் நின்றால் கடை சாத்தும் வரை அங்கேதான். முதல் மூன்று மாதச் சம்பளத்தை ‘பெர்மிட் செலவு’ என்று பிடித்துக்கொண்டார்கள். கேட்கும்போதெல்லாம் "லெவி (வெளிநாட்டு ஆளுக்காக அரசுக்குக் கட்டும் வரி) கட்டியாச்சு, பெர்மிட் வந்துரும்". 30 நாள் முடிந்ததுமே நான் ஓவர்ஸ்டே, அதாவது கெடு தாண்டித் தங்கியவன். அதற்குக் குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம் அல்லது ஐந்து வருடம் வரை சிறை, இரண்டும்கூட உண்டு. இமிகிரேஷன் ரைடு என்று சத்தம் கேட்டால் மாடியில் அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார வேண்டியதுதான். தமிழர் கடைதானே, பார்த்துக்குவாங்க என்று யாரும் நம்பாதீர்கள். எனக்குச் சோறு கொடுத்துவிட்டது பக்கத்துக் கடை மலாய்க்கார அக்கா.

சுற்றிப் பார்க்கப் போனவனுக்கு அங்கே ஹோட்டல் வேலைக்கு பெர்மிட் அடிக்க வழி கிடையாது. முதலாளி முதலில் அங்கே அனுமதி வாங்கி, காலிங் விசா (அந்த அனுமதியை வைத்து வேலைக்கு வரச் சொல்லும் விசா) வந்த பிறகுதான் நீங்கள் விமானம் ஏற வேண்டும். ஏஜென்ட்டிடம் லைசென்ஸ் நம்பர் கேட்டு, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். லைசென்ஸ் உள்ளவர் வாங்கக்கூடிய கட்டணமே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். பத்தாவது தேறாதவர்கள் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (எமிகிரேஷன் செக் ரெக்வயர்ட்) என்று இருக்கும். அவர்கள் மலேசியாவுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் எமிகிரேஷன் கிளியரன்ஸ் கட்டாயம். "அதெல்லாம் தேவையில்லை" என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

என்னைப் போல அனுமதியில்லாமல் தங்கியவர்கள் ஊர் திரும்ப அந்த வருடம் மலேசிய அரசு அறிவித்த திட்டத்தில் 500 ரிங்கிட் அபராதம் கட்டி ஊர் வந்தேன். பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரவும் கடையில் காசு கேட்டார்கள், அது தனிக்கதை. போலீஸில் புகார் கொடுத்திருக்கிறேன். ரொக்கமாகக் கொடுத்ததற்குத் துண்டுச்சீட்டுகூட இல்லை. ஏஜென்ட் மனைவி அக்கவுண்டுக்கு அனுப்பிய 40,000 மட்டும்தான் புகாரில் நிற்கிறது. ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள், ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் ஒன்றைக்கூட அழித்துவிடாதீர்கள்.