ஓசூர், கிருஷ்ணகிரி ஆலைகளுக்கு மலிவு மின்சாரம்: வாரியமா, எக்ஸ்சேஞ்சா, குரூப் கேப்டிவா, கூரை சோலாரா?

ஓசூர் சிப்காட், பர்கூர், கிருஷ்ணகிரி சிட்கோ என்று எங்கே ஆலை வைத்திருந்தாலும், ‘யூனிட் 5 ரூபாய்க்குத் தருகிறோம்’ என்று யாராவது வந்து நிற்பார்கள். கையில் ஒரு ஒப்பீட்டுத் தாள் இருக்கும். உங்கள் மாத பில்லின் மொத்தத் தொகையை யூனிட்டால் வகுத்து ஒரு பக்கம், அவர்கள் விலை மறுபக்கம். அந்தத் தாளை வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஏன் என்பதற்கு முதலில் பில்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

உயரழுத்தத் தொழிற்சாலைக்கு 2025 ஜூலை 1 முதல் யூனிட் 7.50 ரூபாய், டிமாண்ட் கட்டணம், அதாவது ஆலை ஒரே நேரத்தில் இழுக்கும் உச்ச அளவுக்கான கட்டணம், ஒரு கே.வி.ஏ.க்கு மாதம் 608 ரூபாய். காலை 6 முதல் 10 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் யூனிட் விலையில் 25 சதவீதம் கூடுதல். இரவு 10 முதல் விடிகாலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. 1,000 கே.வி.ஏ. டிமாண்ட், மூன்று ஷிஃப்டும் சீராக ஓடி மாதம் 3 லட்சம் யூனிட் என்று வைத்துக்கொள்வோம். யூனிட் கட்டணம் 22,50,000. டிமாண்ட் 6,08,000. பீக் நேரக் கூடுதல் 1,87,500. இரவுத் தள்ளுபடி சுமார் 32,800. நிகரம் ஏறக்குறைய 30,12,700 ரூபாய், அதாவது யூனிட்டுக்கு 10.04. மின்வரி 5 சதவீதம் தனி.

வெளியில் வாங்கும் மின்சாரம் இந்த 10.04 ரூபாயை முழுதாக மிச்சப்படுத்தாது. டிமாண்ட் கட்டணத்தின் பங்கு யூனிட்டுக்கு 2 ரூபாய்க்கு மேல். ஒப்பந்த டிமாண்டைக் குறைக்காத வரை அது அப்படியே நிற்கும். பதிவான டிமாண்ட் குறைந்தாலும் ஒப்பந்த அளவில் 90 சதவீதத்துக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும். ஆகவே வெளி மின்சாரத்தை எதிரில் வைத்துப் பார்க்க வேண்டிய விலை சாதாரண நேரத்தில் 7.50, பீக்கில் 9.38, இரவில் 7.13. வெளியாரின் விலையும் அவர் சொல்லும் 5 ரூபாய் அல்ல. வழியில் ஏற்படும் இழப்பு, மின்சாரத்தைக் கம்பி வழியே கொண்டுவர வாங்கும் மின்தொடரமைப்பு, வீலிங் கட்டணங்கள், மின் ஓட்டத்தை நிர்வகிக்கும் சுமை மையத்தின் கட்டணம் எல்லாம் சேர்ந்து உங்கள் மீட்டரில் விழும் விலைதான் விலை. இழப்பு மொத்தம் 8 சதவீதம் என்று வைத்தால், 4 ரூபாய் மின்சாரம் கட்டணம் எதுவும் சேராமலே 4.35 ஆகிவிடும்.

வெளியில் வாங்கும் உரிமை 2003 மின்சாரச் சட்டத்தின் 42ஆம் பிரிவில் இருக்கிறது. நடைமுறையில் அது 1 மெகாவாட்டுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் என்றிருந்தது. 2022 ஜூனில் வந்த பசுமை மின்சார விதிகள், சோலார், காற்றாலை போன்றவற்றுக்கு அந்த வரம்பை 100 கிலோவாட்டாக இறக்கின. ஒரே மின் கோட்டத்துக்குள் இரண்டு மூன்று இணைப்பு வைத்திருப்பவர் அவற்றைக் கூட்டி 100 கிலோவாட் காட்டலாம் என்பது 2023 திருத்தம். இரண்டு ஷெட் வைத்திருக்கும் சிறு தொழில்காரர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. வீட்டு இணைப்புக்கு இந்தத் தேர்வு கிடையாது. தருமபுரியில் வீடு வைத்திருப்பவர் விநியோகிப்பவரை மாற்ற முடியாது, கூரையில் சோலார் போடலாம், அவ்வளவுதான். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி கண்ணுக்கெட்டும் தூரம் என்றாலும் கர்நாடகக் கட்டணமும் இங்கே செல்லாது.

எக்ஸ்சேஞ்ச்

எக்ஸ்சேஞ்ச் என்பது மின்சாரத்தை ஏலத்தில் விற்கும் வாங்கும் சந்தை. இன்று நள்ளிரவு தொடங்கும் 24 மணி நேரத்தை 15 நிமிடத் துண்டுகளாக, மொத்தம் 96 துண்டுகளாகப் பிரித்து இன்று காலை 10 முதல் 12 மணிக்குள் விலை கேட்க வேண்டும். மாநில சுமை மையத்தின் தடையின்மைச் சான்று, 15 நிமிடக் கணக்கு எடுக்கும் ஏ.பி.டி. மீட்டர், எக்ஸ்சேஞ்ச் உறுப்பினர் ஒருவர், இவை மூன்றும் இல்லாமல் உள்ளே போக முடியாது. இழப்பைச் சேர்த்துக் கூடுதலாகக் கேட்க வேண்டும். ஆலையில் 1,000 யூனிட் விழ வேண்டுமானால் 1,000க்கு ஏலம் கேட்டால் பற்றாது.

பகலில் நாடெங்கும் சோலார் கொட்டுவதால் விலை இறங்குகிறது. மாலை 6க்கு மேல் ஏறுகிறது. வெயில் காலத்தில் 10 ரூபாய் உச்சவரம்பை முட்டும் துண்டுகளும் உண்டு. அந்த உச்சவரம்பு இருப்பது நல்லதே. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் பனிப்புயலின்போது மொத்தச் சந்தை விலை யூனிட் 9 டாலரைத் தொட்டது. அன்றாடச் சந்தை விலையோடு கட்டிப்போட்ட திட்டத்தில் இருந்த வீடுகளுக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது.

எக்ஸ்சேஞ்சில் வாங்கினாலும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் (மற்றவர்களின் மானியத்துக்கு உங்கள் பில்லிலிருந்து போன பங்குக்கு ஈடு), கூடுதல் சர்சார்ஜ் (வாரியம் உங்களுக்காக ஏற்ற நிலையான செலவுக்கு ஈடு) இரண்டும் வாரியத்துக்குக் கட்ட வேண்டும். பின்னதை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அரையாண்டுக்கு ஒருமுறை மாற்றும், பழைய தாளில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். ஏலம் எடுத்த பிறகு மெஷின் நின்றுபோனால் கட்டிய பணம் திரும்பாது. தினமும் இதைப் பார்க்க ஆள் இல்லாத ஆலைக்கு எக்ஸ்சேஞ்ச் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. தனியார் உற்பத்தியாளரிடம் நேரடி ஒப்பந்தம் போட்டால் விலை நிலையாக இருக்கும், ஆனால் அதே இரண்டு கூடுதல் கட்டணங்கள் பெரும்பாலான மிச்சத்தைத் தின்றுவிடும்.

குரூப் கேப்டிவ்

பல ஆலைகள் சேர்ந்து ஒரு மின்நிலையத்தில் பங்கு போட்டு, அதன் மின்சாரத்தைச் சொந்த உபயோகத்துக்கு எடுப்பதுதான் குரூப் கேப்டிவ். மிச்சம் அதிகம் கிடைப்பதும், தப்பு நடந்தால் அடி பலமாக விழுவதும் இங்கேதான். மின்நிலைய நிறுவனத்தில் பயனாளிகள் சேர்ந்து குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்திருக்க வேண்டும், நிலையம் ஆண்டில் உற்பத்தி செய்வதில் குறைந்தது 51 சதவீதத்தை அவர்களே எடுக்க வேண்டும். இந்த இரண்டும் நிறைவேறினால் குறுக்கு மானியக் கட்டணம் இல்லை. கூடுதல் சர்சார்ஜும் இல்லை என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

51 சதவீதம் என்பது நிலையத்தின் உற்பத்தியில். உங்கள் உபயோகத்தில் 51 சதவீதம் வாங்க வேண்டும் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள். அடுத்தது விகிதாசாரம். 26 சதவீதத்தை இரண்டு பேர் ஆளுக்கு 13 வீதம் வைத்திருந்தால், உற்பத்தியில் ஒவ்வொருவரும் 25.5 சதவீதம் எடுக்க வேண்டும். 10 சதவீதம் ஏற இறங்க இடம் உண்டு, அதாவது 22.95 முதல் 28.05 வரை. கூட்டாளி ஆலை மூன்று மாதம் மூடிக் கிடந்தால் அவருடைய குறை உங்கள் கேப்டிவ் தகுதியையும் இழுத்துக்கொண்டு போகும். தகுதி போன ஆண்டுக்கு, எடுத்த அத்தனை யூனிட்டுக்கும் குறுக்கு மானியக் கட்டணம் கேட்டு நோட்டீஸ் வரும். அதுவும் ஆண்டு முடிந்த பிறகு, மொத்தமாக.

முதலீடு எவ்வளவு என்று பார்ப்போம். 5 கோடித் திட்டத்தில் 3.5 கோடி கடன், 1.5 கோடி பங்கு முதல் என்றால், 26 சதவீதத்துக்கு 39 லட்சம். 1 மெகாவாட் சோலார் இந்தப் பக்க வெயிலில் ஆண்டுக்கு ஏறக்குறைய 15 லட்சம் யூனிட் தரும். மேலே சொன்ன ஆலையின் 36 லட்சத்தில் அது பாதிக்கும் குறைவு.

எந்த நேரத்தில் உற்பத்தியான யூனிட் எந்த நேரத்து உபயோகத்தில் கழியும் என்பதில்தான் மீதிக் கணக்கு. பீக்கில் வந்ததைச் சாதாரண நேரத்திலோ இரவிலோ கழிக்கலாம், தலைகீழாக முடியாது. சோலார் காலை பீக்கில் கொஞ்சம் உதவும், மாலை பீக்கில் ஒன்றுமில்லை. காற்றாலை இரவும் பகலும் தரும், ஆனால் மே முதல் செப்டம்பர் வரைதான் கொட்டும்.

கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகளுக்குக் காற்றாலை அருமையாகப் பொருந்துகிறது. பெங்களூரா மாம்பழ வரத்து உச்சத்தில் இருக்கும் ஜூன், ஜூலையில் ஆலை இரவு பகலாக ஓடுகிறது, காற்றும் அப்போதுதான் அடிக்கிறது. சீசன் முடிந்தபின் குளிர்பதனக் கிடங்கு மட்டும் ஓடும் ஆலைக்குச் சோலார் கேப்டிவைத் தலையில் கட்டினால், மிஞ்சியதை வாரியக் கணக்கில் இருத்திவைக்கும் பேங்கிங் காலத்துக்குள் கழிக்காத யூனிட்டெல்லாம் காலாவதியாகும். ஓசூரில் மூன்று ஷிஃப்ட் ஓட்டும் வாகன உதிரிபாக ஆலைக்கு, இரண்டையும் கலந்து எடுப்பதே சரி. ஒற்றை ஷிஃப்ட் கிரானைட் பாலிஷ் யூனிட்டுக்குப் பகல் சோலார் போதும்.

கூரை சோலார்

பங்கும் வேண்டாம், விகிதாசாரமும் வேண்டாம். 1 கிலோவாட்டுக்கு 100 சதுர அடி கூரை, நாளைக்கு சுமார் 4 யூனிட். வாரியத்தின் கம்பிக்கான நெட்வொர்க் கட்டணம் உங்கள் இணைப்புக்கு உண்டா, நீங்களே உபயோகிக்கும் யூனிட்டுக்கும் சேருமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதைப் பற்றி எதுவும் சொல்லாமல் வரும் கொட்டேஷனைத் திருப்பி அனுப்புங்கள்.

பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது பவர் ஃபேக்டரில், அதாவது இழுக்கும் மொத்த மின்சாரத்தில் (கே.வி.ஏ.) உண்மையில் வேலை செய்யும் பங்கில் (கிலோவாட்). மோட்டார்கள் காந்தப்புலத்துக்காக இழுக்கும், வேலை செய்யாத பகுதிதான் கே.வி.ஏ.ஆர். ஆலை 400 கிலோவாட், 190 கே.வி.ஏ.ஆர். இழுக்கும்போது பவர் ஃபேக்டர் 0.90. சோலார் 250 கிலோவாட் தந்தால் வாரியத்திடமிருந்து வருவது 150 கிலோவாட்தான், கே.வி.ஏ.ஆர். அதே 190. பவர் ஃபேக்டர் 0.62க்கு விழும், 0.90க்குக் கீழே போனால் அபராதம். கெப்பாசிட்டர் பேனலின் படிகளைச் சிறிதாக்குவது, பேனலின் சி.டி. (மின்னோட்டத்தை அளக்கும் கருவி) வாரிய மின்சாரம் உள்ளே வரும் இன்கமரைப் பார்க்கிறதா என்று சரிபார்ப்பது, இன்வெர்ட்டரையே கே.வி.ஏ.ஆர். தரும்படி அமைப்பது ஆகியவற்றை நிறுவும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். ஜெனரேட்டரோடு சேர்ந்து ஓட வேண்டுமானால் சோலார் மின்சாரம் ஜெனரேட்டருக்குள் திரும்பிப் பாய்வதை (ரிவர்ஸ் பவர்) தடுக்கும் கண்ட்ரோலர் தனியாக வேண்டும்.

குவாரிக்கும் கிரானைட் அறுக்கும் பட்டறைக்கும் அருகில் உள்ள கூரைகளில் தூசி சீக்கிரம் படியும். இங்குள்ள போர்வெல் தண்ணீரில் கழுவினால் உப்புப் படலம் வெள்ளையாகக் கண்ணாடியில் ஒட்டிவிடும், பிறகு அதைச் சுரண்டவும் முடியாது. ஆர்.ஓ. தண்ணீருக்குக் குழாய் வசதி முதலிலேயே போட்டுவிடுங்கள். வெயில் ஏறும் முன் கழுவ வேண்டும்.

கையெழுத்துக்கு முன்

மீட்டரின் லோடு சர்வே பதிவை 15 நிமிட வாரியாகக் கேட்டு வாங்குங்கள், 12 மாத பில்லோடு. பில்லில் சி1, சி2 என்று வருவது பீக், சி5 இரவு. இந்தப் பதிவு இல்லாமல் யார் தரும் மிச்சக் கணக்கும் ஊகம்தான். ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: எடுக்காவிட்டாலும் கட்ட வேண்டிய குறைந்தபட்ச யூனிட் எவ்வளவு, வீலிங் அல்லது சர்சார்ஜ் உயர்ந்தால் யார் தலையில் விழும், கேப்டிவ் தகுதி போனால் நஷ்டம் யாருடையது, இடையில் விலகினால் பங்கை என்ன விலைக்குத் திரும்ப எடுப்பார்கள். ‘வாரியக் கட்டணத்தில் இத்தனை சதவீதம் தள்ளுபடி’ என்ற வகை ஒப்பந்தத்தில் வாரியம் ஏற்றும் ஒவ்வொரு முறையும் உங்கள் விலையும் ஏறும். நிலையான விலை கேளுங்கள். ஏற்றம் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், ஆண்டுக்கு இத்தனை பைசா என்று எண்ணாகவே எழுதச் சொல்லுங்கள்.