19 வருடம் ஊதிய ட்ரம்பெட்

புனல் மாதிரி விரிந்த முன்பக்கமான பெல்லில் இரண்டு நெளிவு. ஊதும் பக்கத்துக் குழாயான வாய்க்குழாயில் ஒரு ஒட்டு. மூன்றாவது வால்வின் அடிமூடி வேறு ஏதோ ட்ரம்பெட்டிலிருந்து கழற்றியது. 2006 டிசம்பரில் நான் வாங்கிய பி-ஃப்ளாட் ட்ரம்பெட் இன்று இருக்கிற நிலை இது. கல்யாண ஊர்வலம், கோயில் கொடை, சர்ச் ஆராதனை, மெல்லிசைக் கச்சேரி, துக்க வீடு என்று எங்கே போனாலும் கூடவே வந்திருக்கிறது. மாணவர்களுக்கென்று செய்த மாடல். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. குறைகள் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, அவற்றில் பாதி நானாக வரவழைத்தவை.

இதற்கு முன்னால் ஊதியது சர்ச் பேண்டுக்குச் சொந்தமானது, மீரட்டில் செய்தது. இந்தியாவில் பேண்டு வாத்தியம் என்றாலே மீரட்தான். பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகளுக்காக 19-ஆம் நூற்றாண்டில் வேர்விட்ட தொழில், அங்கே ஜாலி கோட்டி வட்டாரத்தில் இன்றும் நடக்கிறது. 1992-ல், பதினான்கு வயதில், பாளையங்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றில் அந்த ட்ரம்பெட்டை என் கையில் கொடுத்தார் பேண்டு மாஸ்டர். எனக்கு முன்னால் ஐந்து பேர் ஊதியது. வால்வுக்குத் தையல் மெஷின் எண்ணெய்தான். அது கெட்டியாகி ஒட்டிக்கொண்டால் ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய். வீட்டுக்குக் கொண்டுபோய் ஊதினால் அம்மா, "ஏய்யா, அந்த மண்ணெண்ணெய் நாத்தத்த வாசல்லயே வச்சிட்டு வா" என்பாள்.

"எலே, காத்த வயித்துல இருந்து எடு. கன்னத்த பலூன் மாதிரி ஊதாத" என்று மாஸ்டர் மூன்று வருடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பி கன்னம் தவளை மாதிரி உப்ப ஊதித்தான் உலகப் புகழ் பெற்றார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எதிர்த்துப் பேசி அடி வாங்கியிருப்பேன்.

ட்ரம்பெட் தெரியாதவர்களுக்காக ஒரு சங்கதி. இதில் விரலால் அழுத்த இருப்பது மூன்றே வால்வு. ஒன்றை அழுத்தினால் காற்று போகும் குழாயின் நீளம் கூடும், ஸ்வரம் இறங்கும். அழுத்துவதும் விடுவதுமாக எட்டுச் சேர்க்கை கிடைக்கும். அதில் முதல் இரண்டையும் சேர்த்து அழுத்தினாலும் மூன்றாவதை மட்டும் அழுத்தினாலும் கிடைப்பது ஏறக்குறைய ஒரே குழாய் நீளம். ஆக ஏழு நீளம்தான். அந்த ஏழை வைத்துக்கொண்டு இரண்டரை ஸ்தாயிக்கு மேல் வாசிக்க வேண்டும் என்றால் மிச்ச வேலை முழுவதும் உதட்டினுடையது. எந்த வால்வையும் தொடாமல் உதட்டை மட்டும் இறுக்கித் தளர்த்தினால் ஆறேழு ஸ்வரம் வரும். வால்வே இல்லாத பியூகிளை ஊதும் ராணுவக்காரர்கள் அதை வைத்தே காலத்தை ஓட்டினார்கள்.

இன்னொரு தலைவலி, பி-ஃப்ளாட். மேற்கத்திய ஸ்வரப் பெயரில் நான் சி என்று விரலை வைத்தால், வெளியே வருவது ஒரு முழு ஸ்வரம் கீழே இருக்கும் பி-ஃப்ளாட். அதனால் மற்றவர்கள் வாசிப்பதைவிட ஒரு முழு ஸ்வரம் மேலே யோசிக்க வேண்டும். மெல்லிசை மேடையில் பாடகர் கடைசி நிமிடத்தில் வந்து "அண்ணே, இன்னைக்குத் தொண்டை சரியில்ல, மூணு கட்டையில வச்சுக்கலாம்" என்பார். மூன்று கட்டை என்றால் ஈ. கிடார்காரருக்குக் கொண்டாட்டம். எனக்கு அது எஃப் ஷார்ப், ஆறு ஷார்ப், அதாவது ஆறு ஸ்வரத்தை அரை ஸ்வரம் ஏற்றி வாசிக்க வேண்டும்! அதே பாட்டை நாலு கட்டைக்கு ஏற்றினால் எனக்கு ஒரே ஒரு ஷார்ப்தான். இதைப் புரிந்துகொண்ட பாடகர் ஒருவரைக்கூட நான் இன்னும் சந்திக்கவில்லை.

1998-ல் சென்னைக்கு வந்தேன். ஒரு நல்ல ட்ரம்பெட் வாங்கிவிட்டால் ரெக்கார்டிங்குக்குக் கூப்பிடுவார்கள் என்று நம்பினேன். எட்டு வருடம் பணம் சேர்த்து இதை வாங்கியபோது கூப்பிடுகிறவர்களே குறைந்து போயிருந்தார்கள். நான்கு ட்ரம்பெட், மூன்று ட்ராம்போன் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு கீபோர்டு உட்கார்ந்து, பித்தளை வாத்தியச் சத்தம் தரும் பிராஸ் பேட்சைத் தட்டிக்கொண்டிருந்தது. மொத்தம் மூன்று முறை ஸ்டுடியோவுக்குள் போயிருக்கிறேன், மூன்றும் கூட்டத்தோடு கோவிந்தா. அதற்காக வாங்கியதை வீண் என்று சொல்ல மாட்டேன். மேடையில் மட்டும் கீபோர்டால் என் இடத்துக்கு வர முடியவில்லை. பழைய கிளப் டான்ஸ் பாட்டுக்கு முன்னிசை தொடங்கும்போது பித்தளை பளபளக்க ஒருவன் எழுந்து நின்றால்தான் முதல் வரிசை விசில் அடிக்கும்.

சரி, கருவிக்கு வருகிறேன். எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். சுருளை நீட்டினால் குழாய் 5 அடிக்குக் கொஞ்சம் குறைவு. முதல் நாளே எனக்குப் பிடித்தது வால்வுதான். மீரட் ட்ரம்பெட்டில் நான் அழுத்திய பிறகு அது யோசித்துத்தான் இறங்கும். இதில் நினைக்கும்போதே இறங்கியது. பத்தொன்பது வருடத்துக்கு அப்புறமும் முதல் இரண்டு வால்வுகள் அப்படியேதான். ஒழுங்கான வால்வு எண்ணெய்க்கு நான் செலவழித்த காசில் இன்னொரு ட்ரம்பெட்டில் பாதி வாங்கியிருக்கலாம், ஆனால் அந்தச் செலவில் மட்டும் கை வைக்காதீர்கள். மூன்றாவது வால்வு 2011-ல் சிக்க ஆரம்பித்தது. மழைக்காலத்தில் ஒரு மாதம் பெட்டியைத் திறக்காமல் வைத்த பலன் அது. அடிமூடி இறுகிப்போய், கழற்றுகிறேன் என்று நானே நசுக்கிவிட்டேன். அதனால்தான் இப்போது இரவல் மூடி.

கூட வந்த மௌத்பீஸ், அதாவது உதட்டில் வைத்து ஊதும் பகுதி, எனக்குச் சின்னது. இரண்டு மாதத்தில் பாக் கம்பெனியின் 7சி அளவுக்கு மாறினேன், அப்புறம் 3சி. கேட்டலாக்படி இரண்டின் உள்விட்டமும் 16.20, 16.30 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். உதட்டுக்கு அது ஒரு அறை கூடக் கட்டின மாதிரி. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ட்ரம்பெட்டை மாற்றச் சொல்வதற்கு முன்னால் மௌத்பீஸை மாற்றிப் பார்க்கச் சொல்வேன். மௌத்பீஸைச் செருகிவிட்டு உள்ளங்கையால் மேலே தட்டுகிற பழக்கம் மட்டும் வேண்டாம். எனக்கு ஒருமுறை அப்படிச் சிக்கிக்கொண்டு, கச்சேரி அவசரத்தில் சவுண்டு சர்வீஸ் தம்பி கட்டிங் பிளேயரால் முறுக்கினார். மௌத்பீஸ் வந்தது, கூடவே வாய்க்குழாயின் பற்றவைப்பும் விட்டது. அதைக் கழற்றுவதற்கென்றே புல்லர் என்று ஒரு கருவி இருக்கிறது. அன்றைக்குத் தெரியாது.

பெல்லில் விழுந்த நெளிவுகள் இரண்டும் வேன் கூரையில் வைத்த பெட்டி விழுந்ததில் வந்தவை. 1953-ல் நியூயார்க்கில் ஒரு விருந்தில் யாரோ மேலே விழுந்து டிஸ்ஸியின் ட்ரம்பெட் பெல் மேல்நோக்கி வளைந்துபோனது. அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்துவிட, அப்புறம் அப்படியே வளைத்துச் செய்யச் சொல்லி வாங்கினார். எனக்கு அப்படி ஒரு அதிர்ஷ்டமும் இல்லை. என் நெளிவுகளால் சத்தம் துளிகூட மாறவில்லை.

பெரிய சேதம் வாய்க்குழாயில். 2013 வாக்கில் அதன்மேல் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. அழுக்கு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. எச்சிலின் அமிலமும் உள்ளே தங்குகிற தீனியும் சேர்ந்து துத்தநாகத்தை மெல்லக் கரைத்துவிடும். மிஞ்சுவது பலமில்லாத செம்பு. அதுதான் அந்தச் சிவப்பு. உள்ளிருந்து அரித்து வருவதால் வெளியே புள்ளி தெரியும்போது குழாய் ஏற்கெனவே பாதி போயிருக்கும். கல்யாண வீட்டில் பேண்டுக்காரர்களுக்கு முதலில் பாதாம் பால் கொடுத்து உபசரிப்பார்கள். அதைக் குடித்த வாயோடு இரண்டு மணி நேரம் ஊர்வலம். ஏழு வருடம் அப்படி ஊதியதற்கு வந்த பில்தான் அந்த ஒட்டு. இப்போதெல்லாம் வாய் கொப்பளிக்காமல் மௌத்பீஸைத் தொடுவதில்லை. மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, வளையும் பிரஷால் உள்ளே தேய்க்கிறேன். கொதிக்கிற தண்ணீர் கூடாது, மேல்பூச்சு உரிந்துவிடும்.

சின்னச் சாமான்களுக்கு அலைய வேண்டாம். எச்சில் வடிக்கிற சாவியின் கார்க் தேய்ந்து காற்றுக் கசிந்தால், ஹவாய் செருப்பு ரப்பரை வட்டமாக வெட்டி ஒட்டினால் ஆறு மாதம் தாங்குகிறது. வால்வு மூடிக்குள் இருக்கும் ஃபெல்ட், ஆர்மோனியம் ரிப்பேர் செய்பவரிடம் கிடைத்தது.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்திரை மாத ஊர்வலத்தில் குழாய் சூடேற ஏற பிட்ச் ஏறும். சுருதி சேர்க்க நகர்த்துகிற குழாயான ட்யூனிங் ஸ்லைடை வெளியே இழுத்துக்கொண்டே போக வேண்டும். அங்கிருந்து நேராக ஏசி மண்டபத்துக்குள் நுழைந்தால் பிட்ச் இறங்கிவிடும். நாதஸ்வரக்காரரும் நானும் வாசலில் ஒருவரை ஒருவர் பரிதாபமாகப் பார்த்துக்கொள்வோம்.

ஆனால் இத்தனை வருடத்தில் ட்ரம்பெட்டைவிட அதிகம் ரிப்பேருக்குப் போனது நான்தான். 2017 ஆவணி முகூர்த்தங்களில் ஒரே நாளில் மூன்று நிகழ்ச்சி ஒத்துக்கொண்டேன். மேல் ஸ்வரங்கள் வராமல் போகப் போக, மௌத்பீஸை உதட்டில் வைத்து அழுத்தினேன். காற்றால் ஏற்ற வேண்டியதைக் கையால் ஏற்றுவது எல்லா ட்ரம்பெட்காரர்களும் செய்கிற தப்பு. மூன்றாவது நிகழ்ச்சியில் மேலுதடு மரத்துவிட்டது. காலையில் கண்ணாடியில் பார்த்தால் வேறு யாருடைய வாயோ. இரண்டு மாதம் ஊதவில்லை.

அந்த இரண்டு மாதத்தில்தான் மற்றவர்களுக்கு என்ன ஆனது என்று தேடிப் படித்தேன். ஜாஸ் ட்ரம்பெட் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங்குக்கே 1930களின் நடுவில் உதடு கிழிந்து பல மாதம் ட்ரம்பெட்டைத் தொட முடியவில்லை. உதட்டைச் சுற்றியுள்ள தசை கிழிகிற இந்தச் சிக்கலை மருத்துவர்கள் அவருடைய பட்டப்பெயரை வைத்தே 'சாட்ச்மோ' நோய் என்கிறார்கள். இன்னொரு ஜாஸ் ட்ரம்பெட்காரர் ஃப்ரெடி ஹப்பர்டுக்கு 1992-ல் மேலுதடு வெடித்தது. ஆறுவதற்கு முன்னால் ஊதி, சீழ் பிடித்து, அப்புறம் பழைய வாசிப்பு திரும்பவே இல்லை. அதே ஜாஸ் உலகில் ட்ரம்பெட் ஊதிய செட் பேக்கர் 1966-ல் அடிபட்டு, பல் போய், பல் செட்டோடு முதலிலிருந்து கற்றுக்கொண்டார். மௌத்பீஸ் சாய்வது பல்லின் மேல் என்பதால் பல் போனால் உதடும் போன மாதிரிதான். நான் பயந்துபோய் முதல் வேலையாகப் பல் டாக்டரிடம் போனேன்.

திரும்ப ஆரம்பித்தது நீண்ட ஸ்வரங்களிலிருந்து. தினமும் இருபது நிமிடம், மெல்லிய சத்தத்தில், நடு ஸ்தாயியில் மட்டும். மேல் சி வர நான்கு மாதம் ஆனது. 2020-ல் கல்யாணமும் இல்லை, சர்ச்சும் இல்லை என்றானபோது மறுபடி அதே கதை. அப்போது பிராக்டிஸ் மியூட் ஒன்று வாங்கினேன். பெல்லுக்குள் செருகினால் பக்கத்து ஃப்ளாட்டுக்குக் கொசு பாடுகிற அளவுதான் கேட்கும். காற்றுக்கு எதிர்ப்பு அதிகம் என்பதால் அதிலேயே பழகினால் தப்பான அழுத்தம் திரும்பி வரும். கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

இப்போது வாங்குகிறவர்களுக்கு: பச்சை, நீலம் என்று வண்ணத்தில் பளபளக்கும் மலிவு ட்ரம்பெட்டுகளைவிட, நல்ல கம்பெனியின் பழைய மாணவர் மாடல் மேல். வாங்கும் முன் வாய்க்குழாயை வெளிச்சத்தில் பிடித்து, சிவப்புப் புள்ளி இருக்கிறதா பாருங்கள். இரண்டாவது வால்வை அழுத்தாமல் அதன் சின்ன ஸ்லைடை வெடுக்கென்று இழுத்தால் 'பொப்' என்று சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் காற்று எங்கோ கசிகிறது. நெளிவுக்காக விலையைக் குறைக்கலாம், வேண்டாம் என்று தள்ள வேண்டியதில்லை.

எனக்கு இப்போது 47. மேல் சி வந்தால் சந்தோஷம், மேல் ஏ-வை நம்பலாம். போன வருடம் ஊர் அசனத்தில் (சர்ச்சின் பொது விருந்து) முதல் ட்ரம்பெட் பார்ட்டை என்னிடம் படிக்கும் பெண்ணிடம் கொடுத்துவிட்டு இரண்டாவது பார்ட்டை எடுத்துக்கொண்டேன். அது முழுக்கக் கீழ் ஸ்தாயி. அங்கே டி, சி ஷார்ப் இரண்டும் இயல்பிலேயே கொஞ்சம் ஏறித்தான் ஒலிக்கும். மூன்றாவது ஸ்லைடின் வளையத்தில் விரலை விட்டு வெளியே தள்ளித்தான் சரிசெய்ய வேண்டும். தள்ளினேன், நகரவில்லை. இத்தனை வருடமாக மேலேயே ஊதிக்கொண்டிருந்ததில் அந்த ஸ்லைடை நான் சரியாகத் தொட்டதே இல்லை. எண்ணெய் ஊறவைத்து, துணியைச் சுற்றி, இரண்டு நாள் இழுத்துக் கழற்றினேன். உள்ளே குழாய் 2006-ல் இருந்த மாதிரியே பளபளவென்று இருந்தது. இப்போது ஞாயிறுதோறும் கிளம்புவதற்கு முன்னால் அதற்கு ஒரு துளி கிரீஸ் வைக்கிறேன்.