தாது உப்பு நிலைத்தது, டானிக் நிற்கவில்லை: கால்நடைத் துணைத் தீவனங்களில் என் அனுபவம்

மாடு, ஆடு, கோழி என மூன்றையும் வளர்த்துப் பல ஆண்டுகளாகப் பிழைப்பு நடத்துகிறேன். இதற்குள் என் தொழுவத்துக்கு வந்துபோன டானிக் புட்டிகளுக்கும் பவுடர் பைகளுக்கும் கணக்கில்லை. அவற்றில் ஆண்டு முழுவதும் கொடுக்கத் தகுந்தது என்று நான் சொல்வது, பாஸ்பரஸ், செம்பு போன்ற தாதுக்கள் சேர்ந்த தாது உப்புக் கலவை ஒன்றைத்தான். வேறு சிலவற்றுக்கு உரிய காலம் உண்டு. மீதியை அடியோடு நிறுத்திவிட்டேன்.

தாது உப்பைக் கொடுத்த மறுவாரமே பால் கூடும் என்று எதிர்பார்ப்பவர்கள், முதல் பை தீர்ந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். அதன் பலனைப் பால் கணக்கில் தேடுவதைவிடச் சினைக் கணக்கில் தேட வேண்டும். பசுவுக்குச் சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவம் வர வேண்டும். என் தொழுவத்தில் கன்று ஈன்ற மாடுகள் மாதக்கணக்கில் பருவ அறிகுறியே காட்டாமல் இருப்பதும், சினை ஊசி போட்டும் சினை நிற்காமல் மீண்டும் பருவத்துக்கு வருவதும் முன்பு சகஜம். விடாமல் தாது உப்புக் கொடுக்கத் தொடங்கிய பிறகு, முதலில் அறிகுறிகள் தெளிவாயின. கத்தல், தீவனத்தில் நாட்டமின்மை, பிறப்புறுப்பிலிருந்து கண்ணாடிபோல் தொங்கும் ஒழுக்கு எல்லாம் தப்பாமல் தெரிந்தன. சரியான நேரத்தில் ஊசி போட முடிந்தது. அடுத்த ஈற்றுக்குள் சினை நிற்பதும் சீரானது.

ஒரு கிடேரி சுவரை நக்கும், கட்டிய கயிற்றை மெல்லும், எங்கோ கிடந்த எலும்புத் துண்டைக் கவ்வி வந்து நெடுநேரம் கடித்துக்கொண்டே நிற்கும். பாஸ்பரஸ் பற்றாக்குறைக்கு இது நன்கு தெரிந்த அடையாளம்; வயிற்றில் புழு இருந்தாலும் இப்படிச் செய்யும். அதனால் முதலில் குடற்புழு நீக்கம் செய்து, பிறகு தாது உப்பை ஆரம்பித்தேன். சில வாரங்களில் நக்கல் நின்றது, சிலிர்த்துக் கிடந்த ரோமம் படிந்து மினுமினுத்தது. புழுவை வைத்துக்கொண்டு எவ்வளவு உயர்ந்த சத்தைக் கொடுத்தாலும் அதில் பாதி புழுவுக்குத்தான் போகும் என்பதால் இந்த வரிசையை இன்றுவரை மாற்றியதில்லை.

அளவு, கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 50 கிராம். அதிகம் கறப்பதற்கு 100 கிராம் வரை. கன்றுக்கு 20 முதல் 25 கிராம். அடர் தீவனத்தில் கலந்துவிடுகிறேன். கடையில் வாங்கும் கலப்புத் தீவனத்தில் ஏற்கெனவே தாது உப்புச் சேர்ந்திருந்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கால்சியம் டானிக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகம் வீணாவதும் தவறான நேரத்தில் கொடுக்கப்படுவதும் அதுதான். ஒரு லிட்டர் பாலில் ஏறத்தாழ 1.2 கிராம் கால்சியம் வெளியேறுகிறது. ஆகவே ஈன்றவுடன் தேவை திடீரென்று எகிறுகிறது. அந்தத் தேவையைச் சமாளிக்க, உடல் தன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்தாக வேண்டும். சினைமாட்டுக்குக் கடைசி வாரங்களில் கால்சியத்தை அள்ளிக் கொடுத்தால், எலும்பிலிருந்து எடுக்கும் அந்த வேலை மந்தமாகிவிடுகிறது. ஈன்றதும் ரத்தத்தில் கால்சியம் சரிந்து பால் காய்ச்சல் வருகிறது. பெயரில்தான் காய்ச்சல், மாட்டின் காது சில்லிட்டுப் போகும், கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிடும். அந்த நிலையில் வாயில் டானிக்கை ஊற்றவே கூடாது. விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். மருத்துவர் வந்து ரத்தக்குழாயில் கால்சியம் ஏற்றினால்தான் எழும். ஈற்றுக்கு மூன்று வாரம் முன்பிருந்தே கால்சியம் டானிக்கை நிறுத்திவைத்து, ஈன்ற அன்று தொடங்கிச் சில நாள் கொடுப்பது என் வழக்கம். அதற்கு மேல் ஆண்டு முழுவதும் ஊற்றுவதில் எனக்கு எந்தப் பலனும் தெரியவில்லை.

பைபாஸ் கொழுப்பை, ஈன்று உடல் வற்றும் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு மட்டும் 100 முதல் 200 கிராம் வரை கொடுக்கிறேன். முதல் இரைப்பையில் கரையாமல் கடந்து, நான்காவது இரைப்பையின் அமிலத்தில் பிரிந்து செரிப்பதால், அசை போடும் வயிற்றின் நுண்ணுயிர்களை அது கெடுப்பதில்லை. நன்றாகக் கறக்கும் மாடுகளில் விலா எலும்பு துருத்துவது குறைந்தது. குறைவாகக் கறக்கும் மாட்டுக்கு அது தேவையே இல்லை.

ஈஸ்ட் பவுடர் வெயில் காலத்துக்கு. அப்போது மாடு மூச்சிரைத்து நின்று, தீனியையும் அசையையும் குறைத்துவிடும். சாணம் இளகி, செரிக்காத தானியம் அப்படியே தெரியும். ஈஸ்ட் சேர்த்தபோது சாணம் கட்டிப்பட்டது. வெயில் தணிந்ததும் நிறுத்திவிடுகிறேன்.

ஈரல் டானிக், வளர்ச்சி டானிக் வகைகளைக் கன்றுகளில் பாதிக்குக் கொடுத்து, மீதிக்குக் கொடுக்காமல் வளர்த்துப் பார்த்தேன். எடையிலும் சுறுசுறுப்பிலும் வேறுபாடு இல்லை. எது எத்தனை கிராம் என்று எழுதாத லேபிளை நம்பி இனி எதையும் வாங்குவதாக இல்லை. கோழிக்கு விற்கப்படும் பெயர் தெரியாத வளர்ச்சிப் பவுடர்களையும், நுண்ணுயிர்க்கொல்லி கலந்திருக்குமோ என்ற அச்சத்தில், தொடுவதில்லை. நுண்ணுயிர்க்கொல்லியை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இலேயே முற்றிலும் தடை செய்தது.

செம்மறி ஆடு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். மாட்டுக்கான தாது உப்பில் உள்ள செம்பு செம்மறிக்கு நஞ்சு. அது ஈரலில் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே வந்து, ஒருநாள் கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, ஆடு செத்துவிடும். செம்மறிக்கென்று தயாரித்த கலவையைத் தவிர வேறெதையும் கொடுக்காதீர்கள். வெள்ளாடு செம்பை அதைவிட நன்றாகத் தாங்கும்.

முட்டைக்கோழிக்கு நான் செய்த மாற்றம் சிறியது: கிளிஞ்சலை மாலையில் கொடுப்பது. ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. அந்த ஓடு பெரும்பாலும் இரவில் உருவாகிறது. மாலையில் தின்ற கிளிஞ்சல் மெல்லக் கரைந்து இரவு முழுவதும் உதவுகிறது. பொடியாக அரைத்ததைவிடச் சிறு துண்டுகளாக இருப்பது நல்லது. ஓடு மெலிந்து உடையும் முட்டைகள் கண்ணுக்குத் தெரியக் குறைந்தன.

பெரிய பையாக வாங்கினால் மலிவு என்றாலும் நான் சிறிய பைகளையே வாங்குகிறேன். ஈரம் பட்டால் கலவை கட்டி தட்டும். தாதுக்களோடு சேர்ந்திருக்கும் வைட்டமின்கள் நாளாக ஆக வீரியம் இழக்கும். பையைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி, வாயை இறுகக் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் வைக்கிறேன்.