எலிக்கா, ஆளுக்கா? திறந்த கூண்டும் ஐ.வி.சி. கூண்டும்

எங்கள் பார்மசி கல்லூரியில் மருந்துச் சோதனைக்கு எலி வைத்திருக்கும் அனிமல் ஹவுஸுக்குக் கூண்டு வாங்க மூன்று கொட்டேஷன் வந்தன. அதில் இரண்டு, பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கில் செய்த வழக்கமான திறந்த கூண்டுகளுக்கு. மூன்றாவது ஐ.வி.சி. என்று சொல்லப்படும் தனிக் காற்றோட்டக் கூண்டுகளுக்கு. அதன் கடைசி வரித் தொகையைப் பார்த்த அக்கவுண்ட்ஸ்காரர், "சார், இது எலிக்கா, ஆளுக்கா?" என்றார். கிண்டலாகத்தான் கேட்டார். எனக்கோ அந்தக் கேள்வி மனதில் தங்கிவிட்டது. இரண்டு கூண்டையும் அதை வைத்தே அளந்து பார்க்கிறேன்.

திறந்த கூண்டை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பால் நிறப் பெட்டி, மேலே கம்பி மூடி, அந்த மூடியில் ஒரு பள்ளம். பள்ளத்தில் பெல்லட் தீவனம், பக்கத்தில் தலைகீழாகத் தண்ணீர் பாட்டில், கீழே உமி. அறையில் என்ன காற்றோ அதுதான் எலிக்கும். மணிக்கு 10 முதல் 15 தடவை அறைக்காற்று மாற வேண்டும் என்பது உலகெங்கும் சொல்லப்படும் பொதுக் கணக்கு.

ஐ.வி.சி.யில் பெட்டி கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், மூடி இறுக்கமானது. ரேக்கோடு இணைந்த ஒரு ஊதுவான், நுண்ணிய தூசியையும் பிடித்துவிடும் ஹெப்பா வடிகட்டி வழியாகச் சுத்தம் செய்த காற்றை ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தனித்தனியாகச் செலுத்தும். அழுக்குக் காற்றை இன்னொரு குழாய் இழுத்துக்கொள்ளும். பெட்டிக்குள் காற்று மணிக்கு 50, 60 தடவைகூட மாறும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கூண்டு இருந்தது. அது வந்த காரணம் தெரிந்தால் ஐ.வி.சி. எதற்காகப் பிறந்தது என்பது புரியும். 1950களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லிஸ்பெத் கிராஃப்ட் என்பவர் சுண்டெலிக் குட்டிகளுக்கு வரும் ஒரு வயிற்றுப்போக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நோய் கூண்டுக்குக் கூண்டு தாவியது. அவர் கூண்டைச் சுற்றிக் கண்ணாடி இழை வடிகட்டியைப் போர்த்தினார், தாவுவது நின்றது. 1980களில் அதே யோசனை வடிகட்டி மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியாக வந்தது. நோய் உள்ளே வரவில்லை, சரி. ஆனால் உள்ளே இருந்த ஈரமும் அம்மோனியாவும் வெளியே போகவில்லை. அதற்காகத்தான் காற்றை ஊதத் தொடங்கினார்கள். ஆக ஐ.வி.சி. பிறந்தது தொற்றைத் தடுக்க. எலியின் சொகுசுக்கு அல்ல. விற்பனைப் படங்கள் இதை மறக்கவைத்துவிடும்.

தொற்று என்று வந்தால் ஐ.வி.சி.க்குத்தான் என் ஓட்டு, அதில் வாதம் இல்லை. தைமஸ் சுரப்பி இல்லாத நிர்வாண எலி என்கிற நியூட் மவுஸ், எதிர்ப்புச் சக்தியே இல்லாத ஸ்கிட் எலி, எதிர்ப்புச் சக்தி குறையும்படி மரபணு மாற்றிய எலி இவற்றைத் திறந்த கூண்டில் வைப்பது கொலைக்குச் சமம். ஆனால் நம் ஊர்ப் பார்மசி கல்லூரிகளில் நடப்பது என்ன? விஸ்டார் எலி, ஸ்விஸ் அல்பினோ சுண்டெலி என்கிற சாதாரண ஆய்வு இனங்கள், 28 நாள் நச்சுத்தன்மைச் சோதனை, எலிக்குச் சர்க்கரை நோய் வரவைத்து மருந்து பார்ப்பது, வீக்கம் குறைக்கும் மருந்து. வாசலில் செருப்பை மாற்றி, புதிதாக வந்த எலிகளைத் தனி அறையில் குறைந்தது ஒரு வாரம் வைத்துப் பார்த்து உள்ளே விட்டால் இவற்றுக்குத் திறந்த கூண்டே போதும்.

இன்னொன்று. திறந்த கூண்டு அறையில் ஒரு எலிக்குத் தொற்று வந்தால் அது சீக்கிரம் பரவி, அறையே நமக்குச் சொல்லிவிடும். ஐ.வி.சி.யில் ஒவ்வொரு பெட்டியும் ஒரு தீவு. காவல் எலிகள் என்று சிலவற்றைத் தனியாக வைத்து, மற்றப் பெட்டிகளின் அழுக்குப் படுக்கையை அவற்றுக்குப் போட்டு நோய் பார்ப்பது பழைய வழக்கம். சென்டாய் மாதிரியான வைரஸ்கள் படுக்கை வழியாகச் சரியாகத் தொற்றுவதில்லை, ரோமப் பேனும் அப்படித்தான். அதனால் இப்போது வெளியேறும் காற்றுக் குழாயின் தூசியை எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை பார்க்கிறார்கள். அந்தச் செலவு எந்தக் கொட்டேஷனிலும் இருக்காது.

அடுத்தது மூக்கு விஷயம். எங்கள் உதவியாளர் அண்ணன் இருபது வருஷமாக இதே வேலையில் இருக்கிறார். காலையில் கதவைத் திறந்து ஒரு மூச்சு இழுத்து, "மூணாவது ரேக்கு, சார். கீழ் வரிசை" என்பார். போய்ப் பார்த்தால் பாட்டில் ஒழுகி உமி ஊறிக் கிடக்கும். திறந்த கூண்டில் மனித மூக்கே மீட்டர். ஐ.வி.சி. வைத்த அறைக்குள் போனால் வாசனையே இருக்காது. ஆள் மயங்கிவிடுவார், என்ன சுத்தம் என்று. பெட்டிக்குள் எலி சுவாசிப்பதை நம் மூக்கு அறியாது. காற்று ஓடுவதால் உள்ளேயும் அம்மோனியா குறைவாகத்தான் இருக்கும், அதனால்தான் வாரத்துக்கு இரண்டு தடவை மாற்றிய படுக்கையை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும் என்கிறார்கள். ஆனால் ஆள் கூண்டைத் தொடும் நாள் குறையும்போது, ஆள் எலியைப் பார்க்கும் நாளும் குறைகிறது. நான் பார்த்த ஒரு இடத்தில் பாட்டில் அடைத்து இரண்டு நாள் ஆகியும் யாரும் கவனிக்கவில்லை. பெட்டி தெளிவாகத்தான் இருந்தது. எட்டிப் பார்க்க ஆள் இல்லை.

அதே மூக்குக்கு ஐ.வி.சி. செய்கிற உபகாரத்தையும் சொல்லிவிட வேண்டும். எலியின் சிறுநீரில் இருக்கும் ஒரு புரதம்தான் அனிமல் ஹவுஸ் ஆட்களின் அலர்ஜிக்கு முக்கியக் காரணம். முதலில் தும்மல், அப்புறம் கண் அரிப்பு, கவனிக்காமல் விட்டால் ஆஸ்துமா வரை போகும். நல்ல மாணவர்கள் இரண்டு பேர் இதனாலேயே துறை மாறிப் போனதைக் கண்டிருக்கிறேன். பெட்டிக்குள் அழுத்தத்தைக் குறைவாக வைத்து ஐ.வி.சி.யை ஓட்டினால் தூசி வெளியே வராது. இந்த நன்மை முழுக்க ஆளுக்கு. வேலை செய்பவர் நுரையீரலும் முக்கியம்தானே, இதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

எலிக்கு என்ன லாபம் என்று கேட்டால்தான் கொஞ்சம் சிக்கல்.

சுண்டெலிக்கு இதமான வெப்பநிலை கிட்டத்தட்ட 30 டிகிரி. நாம் ஏ.சி.யை 22இல் வைக்கிறோம், கவுனும் முகக்கவசமும் போட்ட நமக்கு வேர்க்கக் கூடாது என்பதற்காக. இருபது கிராம் எடையுள்ள உயிருக்கு அது மார்கழி விடியற்காலை. அதில் ஐ.வி.சி.யின் காற்று வேறு முதுகில் வீசும். காற்று வரும் துளையை விட்டு விலகி, எதிர் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் படுத்திருப்பதைப் பார்க்கலாம். இது ஆய்வையும் தொடுகிறது. 2013இல் அமெரிக்காவின் பஃபலோ நகரப் புற்றுநோய் ஆய்வாளர்கள், 30 டிகிரியில் வைத்த சுண்டெலிகளில் கட்டி மெதுவாகவும் வழக்கமான 22 டிகிரியில் வேகமாகவும் வளர்ந்ததைக் காட்டினார்கள். புற்றணு அதே, எலி அதே. குளிர் மட்டும் வேறு.

இதற்கு மருந்து கூண்டில் இல்லை. கூட்டில் இருக்கிறது. ஒரு பெட்டிக்கு எட்டு, பத்து கிராம் காகித இழையோ டிஷ்யூவோ போட்டால் போதும். நான் முதன்முதலில் போட்டது நான்கு டிஷ்யூ தாள். மறுநாள் காலை தாள்களைக் காணோம். மூலையில் கைப்பிடி அளவுக்கு ஒரு வெள்ளைக் குவிமாடம், பக்கவாட்டில் ஒரு ஓட்டை, ஓட்டையில் ஒரு மூக்கு. பல்லால் கிழித்த நாரைத் தூக்கணாங்குருவி மாதிரிப் பின்னியிருந்தது. கூண்டு மாற்றும்போது பழைய கூட்டில் கொஞ்சம் எடுத்துப் புதியதில் வைத்தால் ஆண் சுண்டெலிகளின் சண்டை குறைகிறது. சிறுநீர் ஊறிய பழைய படுக்கையை அப்படி மாற்றினால் சண்டை கூடுகிறது. இந்தச் சூட்சுமம் இரண்டு கூண்டுக்கும் பொது. செலவு, ஒரு டிஷ்யூ பெட்டி.

பெரிய எலிக்கு வேறு குறை. விஸ்டார் எலி பின்னங்காலில் நிமிர்ந்து நிற்க ஆசைப்படும். இடம் கிடைத்தால் இளம் எலி ஒரு நாளில் நூறு தடவைக்கு மேல் நிற்கும். ரேக்கில் வரிசைகளை நெருக்கி அடுக்கத் தட்டையாகச் செய்த ஐ.வி.சி. பெட்டியில் வளர்ந்த ஆண் எலியின் தலை இடிக்கும். உயரமான பெட்டி உண்டு. அதைக் கேட்டால் ரேக்கில் எண்ணிக்கை குறையும்.

பிளாஸ்டிக் விஷயத்தில் ஒரு பழைய கதை எச்சரிக்கையாக நிற்கிறது. 1998இல் அமெரிக்காவில் பேட்ரிஷியா ஹன்ட் என்பவர் சுண்டெலியின் கருமுட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். திடீரென்று எந்த மருந்தும் கொடுக்காத எலிகளின் முட்டைகளிலேயே குரோமோசோம் கோளாறு எகிறியது. தேடிப் பார்த்தால், யாரோ பாலிகார்பனேட் என்ற தெளிவான பிளாஸ்டிக்கில் செய்த கூண்டுகளையும் பாட்டில்களையும் தவறான, காரம் மிகுந்த சோப்பால் கழுவியிருந்தார்கள். பிளாஸ்டிக் அரித்து, உடலில் ஹார்மோன் போல நடந்துகொள்ளும் பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருள் கசிந்திருந்தது. அந்தப் பொருளைப் பற்றிய பெரிய விவாதம் சூடுபிடித்ததில் அவருடைய 2003 கட்டுரைக்கும் பங்கு உண்டு. பாலிப்ரொப்பிலீனில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க இழுத்துத் திறக்க வேண்டும். ஐ.வி.சி. வாங்குவதானால் பாலிசல்போன் என்ற பிளாஸ்டிக் கேளுங்கள், அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவை நன்றாகத் தாங்கும்.

படுக்கையையும் ஒரு வார்த்தை. உமி நம் ஊரில் அரிசி ஆலைக்குப் போனால் மூட்டையாகக் கிடைக்கும், விலை ஒன்றுமில்லை. ஈரம் இழுக்காது, தூசி பறக்கும், ஆலை எலி அதில் மூத்திரம் பெய்திருக்கும். ஆட்டோகிளேவ் செய்யாமல் உள்ளே விடவே கூடாது. மக்காச்சோளச் சக்கைத் தூள் ஈரத்தையும் அம்மோனியாவையும் நன்றாக அடக்கும், அதனால் ஐ.வி.சி.க்குப் பொருத்தம். ஆனால் ஹார்மோன் சம்பந்தப்பட்ட ஆய்வா, தொடாதீர்கள். அதிலுள்ள சில பொருட்கள் எலியின் இனப்பெருக்க நடத்தையைக் குலைப்பது தெரியவந்திருக்கிறது. தேவதாரு மரச் சீவல், மருந்தை உடைக்கும் ஈரல் நொதிகளைத் தூண்டும் என்பது 1967இலேயே தெரிந்த சங்கதி. மருந்துச் சோதனை செய்யும் இடத்தில் இன்னும் அதை வாங்குபவர்களை என்ன சொல்ல.

கடைசியாக மின்சாரம். 2012இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். திறந்த கூண்டு அறையில் கரண்ட் போனால் வெப்பம் ஏறும். ஜன்னல் வலையைத் திறந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சமாளிக்கலாம். இறுக்கமான பெட்டியில் ஊதுவான் நின்றால் வெப்பத்தோடு கார்பன் டைஆக்சைடும் ஈரமும் ஏறும். யு.பி.எஸ்., ஜெனரேட்டர், இரவில் அலாரம் அடித்தால் ஓடி வர ஒரு ஆள், இந்த மூன்றும் இல்லாமல் ஐ.வி.சி. வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. தரைக்குக் கீழேயும் வைக்காதீர்கள். 2001இல் அலிசன் புயலில் ஹியூஸ்டன் நகர மருத்துவ வளாகத்தின் நிலத்தடி அனிமல் ஹவுஸ்களில் வெள்ளம் புகுந்து 30,000க்கும் மேற்பட்ட எலிகள் செத்தன. அங்கே எந்தக் கூண்டாக இருந்தாலும் ஒன்றுதான்.

நாங்கள் கடைசியில் எழுதிக் கொடுத்தது இது: திறந்த பாலிப்ரொப்பிலீன் கூண்டுகள் எல்லாவற்றுக்கும், புற்றுநோய்ப் பிரிவின் நியூட் எலிகளுக்கு மட்டும் ஒரு சிறிய ஐ.வி.சி. ரேக், மிச்சப் பணத்தில் யு.பி.எஸ்., உதவியாளர்கள் எல்லோருக்கும் நல்ல முகக்கவசம். அலர்ஜி உள்ளவருக்கு ஐ.வி.சி. அறையில் வேலை. டிஷ்யூவை மாதச் செலவில் சேர்த்தோம். அந்த வரியில் அக்கவுண்ட்ஸ்காரர் மறுபடி நிறுத்தினார்: "இது?"

"எலிக்கு" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.