குரூகரா, ஷ்லுஷ்லுவேயா, ஆடோவா? எட்டுப் பேர் போகும் தென்னாப்பிரிக்கப் பயணத்துக்கு ஒரு கணக்கு

மதுரையிலிருந்து என் அக்கா குடும்பம் வருகிறது, நான்கு பேர். டர்பனில் நாங்கள் மூவர். எட்டாவது ஆள் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டு அவ்வா. 74 வயது. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்த குடும்பத்தின் வழி வந்தவர். "மகன் ரெண்டு தடவ கேப்டவுன் போயிட்டு வந்துட்டான். நான் ஒரு தடவகூடப் பாக்கல தம்பி" என்று ஒரு நாள் சொன்னார். அப்புறம் அவரை விட்டுவிட்டுப் போக முடியுமா?

கையில் இருப்பது பத்து இரவுகள், செப்டம்பர் கடைசியில் வரும் பள்ளி விடுமுறையையும் சேர்த்து. காட்டு விலங்கு, கடல், திராட்சைத் தோட்டம் மூன்றும் வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். இந்த மூன்றையும் ஒரே பயணத்தில் கோக்க நினைப்பவர்களுக்கு முதல் சிக்கல் பருவம். விலங்கு பார்க்க மே முதல் செப்டம்பர் வரையான வறண்ட மாதங்கள்தான் நல்லவை. புல் காய்ந்து குட்டையாகிவிடும், விலங்குகள் தண்ணீர் தேடி வெளியே வரும். ஆனால் அதே ஜூன், ஜூலையில் திராட்சைத் தோட்டங்கள் இருக்கும் கேப்டவுன் பக்கம் குளிரும் மழையும். செப்டம்பர் கடைசிதான் இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் சமரசம்.

சமரசத்துக்கும் ஒரு விலை உண்டு, அது புரட்டாசி. டர்பன் தமிழர்களில் பல குடும்பங்கள் அந்த மாதம் இறைச்சியையும் மதுவையும் தொடுவதில்லை. வெளியூர் போனால் நானே கொஞ்சம் இளகிவிடுவேன். அவ்வா இளகமாட்டார். அதனால் திராட்சை மதுவுக்குப் பேர்போன கேப் பக்கம் போகும் எங்கள் குழுவில் மதுவைத் தொடப்போகிறவர் அத்தான் ஒருவர்தான்.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன.

முதலில் எல்லோர் வாயிலும் வந்தது குரூகர். 1926-இல் தேசியப் பூங்காவானது, பரப்பு ஏறக்குறைய 20,000 சதுர கிலோமீட்டர். சிங்கம், சிறுத்தை இரண்டையும் சொந்த வண்டியிலேயே போய்ப் பார்க்க வேண்டுமானால் இதற்கு ஈடில்லை. லோயர் சாபி முகாமில் சாயங்காலம் ஆற்றைப் பார்த்தபடி தேநீர் குடித்தவர்கள் அந்த ஆசையை விடமாட்டார்கள். ஆனால் டர்பனிலிருந்து சாலையில் போனால் முழு நாள் அதிலேயே போய்விடும். எஸ்வாட்டினி வழியாகக் குறுக்கே போகலாம், அதற்கு இரண்டு எல்லைகளைக் கடக்க வேண்டும். உறவினரின் விசா அதற்கு இடம் தருகிறதா என்று பார்க்காமல் அதில் இறங்கக்கூடாது. உள்ளே போன பிறகும் தார்ச்சாலையில் 50 கிலோமீட்டர் வேகம்தான், மண்சாலையில் 40. வாயில் மூடுவதற்குள் முகாமுக்குத் திரும்ப வேண்டும். அதுபோக மலேரியா. அவ்வா ஏற்கெனவே விழுங்கும் மாத்திரைகளோடு இன்னொன்றைச் சேர்க்க மருத்துவரைக் கேட்க வேண்டும். கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். தேசியப் பூங்காக்களில் வெளிநாட்டவரின் அன்றாட நுழைவுக் கட்டணம் உள்நாட்டவருடையதைப் போலக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. நீங்கள் உள்நாட்டுக் கட்டணம் கட்ட வேண்டுமானால் அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

இரண்டாவது, கேப்டவுனில் தொடங்கித் திராட்சைத் தோட்டங்கள், கடலோரமாகப் போகும் கார்டன் ரூட், கடைசியில் ஆடோ யானைப் பூங்கா. காகிதத்தில் பார்த்தால் இதை அடிக்க ஆளில்லை. ஒரே என்2 சாலை, கேப்டவுனிலிருந்து கெபெகா (பழைய போர்ட் எலிசபெத்) வரை ஏறக்குறைய 750 கிலோமீட்டர், மலேரியா இல்லை, வந்த வழியே திரும்பவும் வேண்டாம். நைஸ்னாவில் கடல் உள்ளே நுழையும் இரு குன்றுகள், சிட்சிகாமாவில் ஆற்று முகத்துவாரத்தின் மேல் ஆடும் தொங்குபாலம் என்று வழியெல்லாம் நின்று நின்று போகலாம். 1931-இல் ஆடோ தொடங்கியபோது மிஞ்சியிருந்தவை 11 யானைகள், இன்று 600-க்கும் மேல்.

ஆனால் என் அக்காவுக்கு யானை அதிசயமா? முதுமலையில் பார்த்திருக்கிறாள், மீனாட்சியம்மன் கோயிலில் ஆசி வாங்கியிருக்கிறாள். ஆப்பிரிக்க யானைக்குக் காது பெரிது என்பதற்காக ஒரு குடும்பத்தையே அங்கே கூட்டிப்போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவள் பிள்ளைகள் கேட்பது ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம், வரிக்குதிரை. ஆடோவில் ஒட்டகச்சிவிங்கி கிடையாது. ஐரோப்பாவிலிருந்து வருபவர்களுக்கு ஆடோவைத் தயங்காமல் சொல்வேன். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு யோசித்துத்தான் சொல்வேன்.

மூன்றாவது, நம் வீட்டு வாசலில் இருப்பது. வரைபடத்தில் ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசி என்றிருக்கும், சொல்லும்போது ஷ்லுஷ்லுவே. என்2-வில் வடக்கே மூன்று மணி நேரம். 1895-லேயே காப்பகமானது, ஆப்பிரிக்காவின் மிகப் பழையவற்றில் ஒன்று. தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் ஏறக்குறைய அழிந்துபோனபோது ஒரு சிறு கூட்டம் தப்பியது இங்கேதான். 1960-களில் வனவிலங்குக் காப்பாளர் இயன் பிளேயரும் அவர் சகாக்களும் இங்கிருந்து பிடித்துப் பிற இடங்களுக்கு அனுப்பித்தான் அந்த இனத்தைப் பெருக்கினார்கள். குறை என்னவென்றால் இது மலையும் மடுவுமான நிலம், பரப்பும் சுமார் 960 சதுர கிலோமீட்டர்தான். சிங்கம் இருக்கிறது, ஆனால் புதருக்குள் இருக்கும். நான் நான்கு முறை போய் ஒரே ஒரு முறை பார்த்தேன், அதுவும் வாலை மட்டும்.

தங்குவதற்கு ஹில்டாப் முகாம். அங்கே இன்னொரு முகாமான இம்பிலாவுக்கு வேலி கிடையாது, இரவில் கழுதைப்புலி நடமாடும். இளைஞர்களுக்கு அது சுவாரசியம், அவ்வாவுக்கு ஹில்டாப்தான்.

அங்கிருந்து செயின்ட் லூசியா பக்கம்தான். 1999-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய இசிமாங்கலிசோ ஈரநிலம் இது. படகில் இரண்டு மணி நேரம் போனால் நீர்யானைகளும் முதலைகளும். இருட்டிய பிறகு நீர்யானை ஊர்த் தெருவிலேயே மேய வரும், வெளியே நடக்காதீர்கள். குரங்கையும் லேசாக நினைக்க வேண்டாம். போன முறை கோம்பியின், அதாவது எங்கள் ஊர் வேனின், ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்ததற்கு ஒரு டப்பா வடை போயிற்று.

கோம்பி என்றதும் ஞாபகம். எட்டுப் பேருக்கு இரண்டு கார் நல்லதா, ஒரு கோம்பி நல்லதா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். நான் கோம்பி கட்சி. இருக்கை உயரம், புல்லுக்கு மேலே தெரியும். முக்கியமாக, முன்னால் போன கார் சிங்கத்தைப் பார்த்தது, பின்னால் வந்த கார் பார்க்கவில்லை என்ற மனஸ்தாபம் வராது.

இந்த மூன்றாம் வழியில் ஓட்டை திராட்சைத் தோட்டம்தான். எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் மிட்லண்ட்ஸ் பகுதியிலும் சிறு தோட்டங்கள் இருக்கின்றன, போய்ப் பார்க்கலாம். ஆனால் கேப் திராட்சை நாட்டைப் பார்க்க ஆசைப்பட்டவரை அங்கே கூட்டிப்போய் "இதுதான்" என்றால், ஊட்டிக்கு என்று கிளப்பி ஏற்காட்டில் இறக்கிவிட்ட கதை.

ஆகவே முழுசாக ஒரு வழியையும் எடுக்கவில்லை. ஷ்லுஷ்லுவேயில் இரண்டு இரவு, செயின்ட் லூசியாவில் இரண்டு, வீட்டில் ஒரு இரவு துணி துவைக்க. அப்புறம் கேப்டவுனுக்கு விமானம், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

அங்கே திராட்சைத் தோட்டம் பார்க்க ஸ்டெல்லன்போஷா, பிரான்ஷ்ஹூக்கா? 1679-இல் உருவான ஸ்டெல்லன்போஷ் பெரிய ஊர், பல்கலைக்கழகம், ஓக் மர நிழல், வெள்ளைச் சுவர் வீடுகள். பிரான்ஷ்ஹூக் 1688-இல் ஹியூகனாட்டுகள் என்ற பிரெஞ்சு புராட்டஸ்டன்ட் அகதிகள் குடியேறிய பள்ளத்தாக்கு, ஒரே கடைத்தெரு, சுற்றி மலை. எங்களுக்கு பிரான்ஷ்ஹூக்தான், காரணம் அங்கே தோட்டங்களுக்கிடையே ஓடும் டிராம். தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கலாம், அத்தான் எவ்வளவு ருசி பார்த்தாலும் வண்டி ஓட்டப்போவதில்லை. ஒன்றை முன்பே அவரிடம் சொல்லிவிட்டேன். செப்டம்பரில் கொடிகள் அப்போதுதான் துளிர்க்கும், குலை பார்க்க பிப்ரவரியில் வர வேண்டும்.

பிரான்ஷ்ஹூக்கிலிருந்து மலைப்பாதை ஏறி இறங்கினால் ஹெர்மானஸ் என்ற கடலோர ஊர், கேப்டவுனுக்குத் திரும்ப வேண்டியதில்லை. செப்டம்பரில் திமிங்கிலங்கள் குட்டிகளோடு கரைக்குப் பக்கத்திலேயே வரும். படகு வேண்டாம், பாறைமேல் பெஞ்சில் உட்கார்ந்தே பார்க்கலாம். படகென்றால் தலைசுற்றும் அவ்வாவுக்கு இதைவிடத் தோதான இடம் இல்லை. அங்கே ஒரு இரவு, பிரான்ஷ்ஹூக்கில் இரண்டு, கேப்டவுனில் இரண்டு.

சாப்பாட்டுக்குத் தங்குமிடமெல்லாம் சமையலறையோடு பிடித்திருக்கிறோம். மிளகாய்த்தூளை அவ்வா தானே கொண்டுவருவாராம், விமானத்தில் எடுத்துப்போக விடுவார்களா என்று மட்டும் கேட்டுச் சொல்லச் சொன்னார்.