ஏசி ஏர் டோர் ஆக்சுவேட்டர் கோளாறு: ஸ்கேனரா, மல்டிமீட்டரா?

டிரைவர் பக்கம் சூடு, மறுபக்கம் குளிர். கண்ணாடிக்குப் போக வேண்டிய காற்று காலடியிலேயே நிற்கிறது. அல்லது டேஷ்போர்டுக்குள் டக் டக் சத்தம். இதில் எது வந்தாலும் பலர் முதலில் தேடுவது புது ஆக்சுவேட்டரைத்தான், அதாவது ஏசிக்குள் காற்றின் வழியை மாற்றும் தகட்டை (ஏர் டோர்) அசைக்கும் சிறிய மோட்டாரை. சத்தம் எந்த ஆக்சுவேட்டரிலிருந்து வருகிறது என்று தெளிவாகத் தெரிந்து, அது கைக்கு எட்டும் இடத்திலும் இருந்தால் மாற்றிவிடலாம். பெரும்பாலும் கியரின் பல் உடைந்திருக்கும். சத்தமே இல்லாமல் டோர் அசையாவிட்டால் மாற்றிப் பார்ப்பது வீண் வேலை. வயரிலோ ஏசியை இயக்கும் கண்ட்ரோல் யூனிட்டிலோ கோளாறு இருந்தால் புதிதும் அசையாமல்தான் நிற்கும்.

ஆக, கோளாறைக் கண்டுபிடிப்பதில் போட்டி, வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனருக்கும் வோல்ட்டும் ஓமும் அளக்கும் மல்டிமீட்டருக்கும்தான்.

ஸ்கேனரின் பலம் வேகம். B-யில் தொடங்கும் பிழைக் குறியீட்டை (கோடு) படித்து, ஒவ்வொரு டோரையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்டி, கேட்ட நிலையும் வந்த நிலையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால், எந்த டோர் என்பது சில நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் கண்ட்ரோல் யூனிட்டுக்குத் தெரிவது மட்டுமே ஸ்கேனருக்கும் தெரியும். சர்க்யூட் கோளாறு என்று கோடு வந்தால் அது மோட்டாராக இருக்கலாம், வயராக, டோர் எங்கே நிற்கிறது என்று யூனிட்டுக்குச் சொல்லும் ஃபீட்பேக்காக, யூனிட்டின் உள்ளேயே கூட இருக்கலாம்.

5 வயர் ஆக்சுவேட்டர் உள்ள வண்டிக்கு என் ஓட்டு மல்டிமீட்டருக்கு. காரணம் ஒன்றே: எந்த இடத்தில் அளக்க முடியும் என்பது. ஆக்சுவேட்டர் டேஷ்போர்டின் ஆழத்தில் ஒளிந்திருக்கும். அதன் வயர்கள் வந்து சேரும் கண்ட்ரோல் யூனிட்டோ பல வண்டிகளில் ஏசி பேனலுக்குப் பின்னாலேயே இருக்கும். பேனலைக் கழற்றினால் மொத்த சர்க்யூட்டையும் அங்கிருந்தே சோதிக்கலாம். டேஷ்போர்டைப் பிரிக்கும் முன்பே முடிவு கையில் இருக்கும்.

ஐந்தில் இரண்டு வயர் மோட்டாருக்கு. மூன்று ஃபீட்பேக்குக்கு: 5 வோல்ட், சிக்னல், எர்த். யூனிட்டின் கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்பக்கமாக மீட்டரின் ப்ரோப்பைச் செருகி, மோட்டாரின் இரண்டு பின்களுக்கு இடையே அளக்க வேண்டும். டெம்பரேச்சரை முழுக் குளிரிலிருந்து முழுச் சூட்டுக்கு மாற்றினால் டோர் நகரும் சில விநாடிகளுக்கு 12 வோல்ட் அளவில் காட்டி, பிறகு பூஜ்யமாகும். திருப்பி மாற்றினால் மைனஸில் காட்டும். எதுவும் வரவில்லையென்றால் உடனே யூனிட்டைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது. அதன் சப்ளை, எர்த், ஃப்யூஸ் மூன்றையும் பார்க்க வேண்டும். கோளாறு கண்டதும் மோட்டாரை ஓட்டுவதையே நிறுத்திவிடும் யூனிட்டுகளும் உண்டு. இக்னிஷனை அணைத்துப் போட்டுவிட்டு மறுபடி அளக்கவும்.

12 வோல்ட் வந்தும் மோட்டார் ஓடாவிட்டால், இக்னிஷனை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, அதே இரண்டு வயர்களில் ஓம் பார்க்கவும். முடிவிலி காட்டினால் வயர் அறுந்திருக்கிறது அல்லது மோட்டார் போய்விட்டது. கனெக்டரைக் கழற்றிவிட்டு வோல்ட்டேஜ் பார்ப்பது பெரிய ஏமாற்று: மீட்டர் கரண்டே இழுக்காததால், ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் வயரும் 12 வோல்ட் காட்டும். லோடு இருக்கும்போது அளந்தால்தான் கனெக்டரில் துருப்பிடித்த பின் இருப்பது தெரியும்.

ஃபீட்பேக் சிக்னல், டோர் நகர நகர, ஏறக்குறைய 0.5 முதல் 4.5 வோல்ட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். முனை அளவுகள் வண்டிக்கு வண்டி மாறும். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் சிக்னல் அசையாவிட்டால் கியரோ, அந்த சிக்னலைத் தரும் பொட்டென்ஷியோமீட்டரோ போயிருக்கும். நடுவில் ஒரு கணம் மட்டும் சிக்னல் விழுந்தால் பொட்டென்ஷியோமீட்டரின் தடம் தேய்ந்திருக்கிறது. இதைப் பிடிக்க மீட்டரில் மிகக் குறைந்த, மிக அதிக அளவுகளைப் பதிவு செய்யும் Min/Max வசதி வேண்டும். 5 வோல்ட்டே குறைவாக இருந்தால் ஆக்சுவேட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். பல வண்டிகளில் அந்த வயர் பொதுவானது. எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் ஷார்ட். இந்த வயரில் பல்பு டெஸ்டர் வைக்கவே கூடாது, அது இழுக்கும் கரண்ட்டை ரெஃபரன்ஸ் சப்ளை தாங்காது.

கட்டளையை டேட்டாவாக அனுப்பும் லின் பஸ் (LIN) உள்ள 3 வயர் ஆக்சுவேட்டரில் கதை வேறு. சப்ளையும் எர்த்தும் சரியா என்று மீட்டர் சொல்லும். டேட்டா வயரில் என்ன பேசப்படுகிறது என்பதை அதனால் சொல்ல முடியாது. அங்கே ஸ்கேனர்தான் முதலில். படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டாரிலும் காயில்களின் ஓம் ஒன்றுக்கொன்று சமமா என்பதைத் தாண்டி மீட்டரால் அதிகம் உதவ முடியாது.

டோரின் தண்டே உடைந்திருந்தால் இரண்டுமே ஏமாறலாம்: பெரும்பாலும் கோடு இருக்காது, வோல்ட்டேஜ் எல்லாம் சரியாக இருக்கும், காற்று மட்டும் மாறாது. ஆக்சுவேட்டரைக் கழற்றி டோரைக் கையால் திருப்பிப் பார்ப்பதே வழி. மாட்டியதும் டோரின் முனைகளை யூனிட்டுக்குக் கற்றுக்கொடுக்க (காலிபரேஷன்) ஸ்கேனர் வசதியானது. அது இல்லாமலும், ஃப்யூஸைக் கழற்றி மறுபடி மாட்டி, இக்னிஷனை ஆன் செய்து, எந்த பட்டனையும் தொடாமல் ஓரிரு நிமிடம் விட்டால் பல வண்டிகள் தாமாகவே முனைகளைக் கற்றுக்கொள்ளும். ஆக்சுவேட்டர் டோரில் மாட்டப்படாமல் தொங்கும்போது மட்டும் இக்னிஷனைப் போட வேண்டாம். அது வேறு நிலைக்குத் திரும்பிவிட்டால் தண்டில் சரியாக உட்காராது.