பாப்-அப் ட்ரக் கேம்பர்: காலி ஷெல்லாக வாங்கி நிரப்பியதில் எது தேறியது

பிக்கப் ட்ரக்கின் பின்பெட்டியில் உட்கார வைக்கிற பாப்-அப் கேம்பர் வாங்கலாமா, வாங்கினால் உள்ளே என்னென்ன போடலாம் என்று கேட்கிற நண்பர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நாங்கள் கலிபோர்னியாவில், பே ஏரியாவில் இருக்கிறோம். பயணம் என்றால் நானும் மனைவியும் மட்டும்தான். போவது பெரும்பாலும் 395ஆம் நெடுஞ்சாலையை ஒட்டிய கிழக்கு சியரா, டெத் வேலி, நெவாடாவின் மண் சாலைகள். கடைசியில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வகைக் கேம்பர் கொடுத்த காசுக்குத் தகும். ஆனால் அடுப்பு, சிங்க், தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தி வருகிற முழு மாடலை எடுக்காதீர்கள், காலி ஷெல்லை எடுங்கள். அதை நிரப்பும்போது ஒவ்வொரு பொருளையும் எடை போட்டு நிரப்புங்கள்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: அலுமினியச் சட்டம் போட்ட பெட்டி, ட்ரக் கேபினுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கை, கையால் தள்ளினால் மேலே எழும்பும் கூரை, அந்தக் கூரைக்கும் பெட்டிக்கும் நடுவே நான்கு பக்கமும் வினைல் பூசிய துணி. மூடி வைத்தால் ட்ரக்கின் தலைக்கு மேலே கொஞ்சம்தான் தெரியும், திறந்தால் ஆறடி ஆள் நிமிர்ந்து நிற்கலாம். ஃபோர் வீல் கேம்பர்ஸ் 1972 முதல் இதைச் செய்துவருகிறார்கள், இப்போது அவர்களுடைய தொழிற்சாலை கலிபோர்னியாவின் உட்லண்டில் இருக்கிறது. கொலராடோவில் ஹால்மார்க் இருக்கிறார்கள். வாஷிங்டன் மாநிலத்து அலாஸ்கன் கேம்பரில் துணியே கிடையாது, ஹைட்ராலிக்கில் ஏறி இறங்கும் கெட்டிச் சுவர். இந்தத் துணியா கெட்டிச் சுவரா என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பின்னால் கரடி வரும்போது சொல்கிறேன்.

முதலில் எடை. இதைப் பற்றித்தான் யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. ட்ரக்கின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று. விளம்பரத்தில் போடுகிற எண்ணை விட்டுவிட்டு உங்கள் வண்டியின் அந்த ஸ்டிக்கரைப் பாருங்கள். டொயோட்டா டக்கோமா போன்ற நடுத்தர ட்ரக்கில் அது பெரும்பாலும் 1,000 முதல் 1,200 பவுண்டு, அதாவது 450 முதல் 540 கிலோ. காலி ஷெல்லே 350 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேர் 140 கிலோ. ஆச்சு, 490. இன்னும் ஒரு பாட்டில் தண்ணீர்கூட ஏற்றவில்லை, ஃப்ரிட்ஜ் இல்லை, பேட்டரி இல்லை, பின்னால் மாட்டுகிற ஸ்பேர் டயர், ஜெர்ரி கேன் எதுவும் இல்லை. சாலையில் டக்கோமா மேல் முழுசாக நிரப்பிய கேம்பரோடு போகிறவர்கள் நிறைய பேர் அந்த எண்ணைத் தாண்டித்தான் ஓட்டுகிறார்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதும், அவசரமாக ஒதுங்கும்போதும் அது தெரியும். பின் ஸ்பிரிங்கோடு காற்றுப் பைகளைச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். ஆக்சிலும் பிரேக்கும் தாங்குகிற எடை அதனால் ஒரு பவுண்டுகூட அதிகரிக்காது.

நாங்கள் இதற்காகவே பழைய ஃபோர்டு எஃப்-250 ஒன்றைத் தேடி வாங்கினோம். ஸ்டிக்கரில் 3,000 பவுண்டை ஒட்டி இருக்கிறது. பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஊருக்குள் நிறுத்த இடம் கிடைக்காது, ஆனாலும் மனசு நிம்மதியாக இருக்கிறது. எல்லாம் ஏற்றி, டேங்க் நிரப்பி, இரண்டு பேரும் உட்கார்ந்தபடியே ட்ரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் (CAT) ஸ்கேல் என்ற எடை மேடையில் ஒருமுறை எடை போடுங்கள். முன் ஆக்சில், பின் ஆக்சில் எடையைத் தனித்தனியாகப் போட்டுச் சீட்டு கொடுப்பார்கள். ஓவர்லேண்ட் எக்ஸ்போ என்ற பயண வண்டிக் கண்காட்சியில் பார்த்து ஆசைப்பட்ட பாதிச் சாமானை அந்தச் சீட்டே வேண்டாம் என்று சொல்லிவிடும்.

கூரை மேல் வைப்பதற்குத் தனிக் கணக்கு. அங்கே வைக்கிற ஒவ்வொரு கிலோவையும் தினமும் சாயங்காலம் நீங்கள்தான் தூக்க வேண்டும். உள்ளே படுக்கை மேல் மண்டிபோட்டு, முன் பக்கப் பலகையில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளும்போது கேஸ் ஸ்ட்ரட் (கேஸ் அழுத்தத்தால் தூக்கிவிடும் தண்டு) உதவும் என்றாலும், மேலே கண்ணாடி சோலார் பேனல் இரண்டு, சாமான் கட்டும் ராக், அதன் மேல் ஒரு பெட்டி என்று இருந்தால் தோள்பட்டை கழன்றுவிடும். மனைவியும் தனியாகத் தூக்க முடிய வேண்டும் என்பதுதான் நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல். அதனால் மேலே ஒரு 100 வாட் பேனல், நடுவில் மேக்ஸ்ஏர் ஃபேன், வேறு எதுவும் கிடையாது. இன்னொரு 100 வாட் பேனலை மடக்கி உள்ளே வைத்திருக்கிறோம். கேம்ப் போட்டதும் நீள ஒயரோடு வெயிலில் விரித்துவிட்டு வண்டியை நிழலில் நிறுத்தலாம், ஜூலை மாதம் நெவாடாவில் இதன் அருமை புரியும்.

மின்சாரத்துக்குக் கொடுத்த பணம் வீண் போகவில்லை. 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று, 14 கிலோ. அதே அளவு பழைய ஏஜிஎம் (லெட்-ஆசிட் வகை) பேட்டரி 30 கிலோ வரும், அதிலும் பாதியைத்தான் கெடாமல் பயன்படுத்த முடியும். டோமெட்டிக்கின் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு 30, 40 ஆம்பியர்-மணி எடுக்கும், வெயில் கொளுத்தினால் இன்னும் கூட. ஃபேன், விளக்கு, போன் எல்லாம் அதோடு பார்த்தால் சில்லறை. விக்ட்ரானின் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வைத்தால் ஓட்டிக்கொண்டு போகும்போதே பேட்டரி நிரம்பிவிடும். இப்போதைய வண்டிகளில், இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் தன் வோல்டேஜைத் தானே குறைத்துக் கூட்டுவதால், பழைய மாதிரி ரிலே ஒன்றை நடுவில் வைத்துவிட்டு லித்தியம் ஒழுங்காக நிரம்பும் என்று நம்ப முடியாது. இன்னொன்று, உறைநிலைக்குக் கீழே இந்த வகை பேட்டரியைச் சார்ஜ் செய்யக்கூடாது. ஆகவே அது வண்டிக்கு வெளியே இருக்கும் பெட்டியில் வேண்டாம், நீங்கள் தூங்குகிற இடத்திலேயே சீட்டுக்கு அடியில் இருக்கட்டும்.

ஒயரிங் வேலையை மட்டும் வெளியே கொடுத்துச் செய்தோம். அந்தக் கடைக்காரர்கள் செய்த வேலை கண்ணுக்கு அழகாக இருந்தது, ஒயரெல்லாம் நேர்கோடாக, கிளிப் அடித்து. ஆனால் ராத்திரி ஃப்ரிட்ஜ் நின்றுவிடும். பேட்டரி மானிட்டர் 80 சதவீதம் என்கிறது, ஃப்ரிட்ஜோ பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சிவப்பு விளக்கு காட்டுகிறது. மல்டிமீட்டரை எடுத்துப் பார்த்தால் பேட்டரி முனையில் 13.1 வோல்ட், ஃப்ரிட்ஜ் சாக்கெட்டில் கம்ப்ரசர் கிளம்புகிற நொடியில் 11.4. நடுவில் ஓடியது 16 கேஜ் ஒயர் (கேஜ் எண் கூடக் கூட ஒயர் மெலியும்), முனையில் காரில் சிகரெட் பற்றவைக்கிற அந்தப் பழைய பிளக். பன்னிரண்டு வோல்ட்டில் மெல்லிய ஒயர் நீளமாக ஓடினால் வழியிலேயே வோல்டேஜ் விழுந்துவிடும். 10 கேஜ் ஒயர் இழுத்து ஆண்டர்சன் பிளக் போட்டதும் பிரச்சினை போயே போச்சு. அப்போதுதான் கவனித்தேன், மெயின் ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்தது. அது ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், இடையில் ஒயர் உரசி ஷார்ட் ஆனால் நடுவில் தடுக்க ஒன்றும் இல்லை. யாரிடம் கொடுத்துச் செய்தாலும் இந்த இரண்டை மட்டும் கேளுங்கள்: ஃப்ரிட்ஜுக்கு என்ன கேஜ், ஃப்யூஸ் எங்கே.

ஹீட்டர். துணிச் சுவர் என்பதால் ராத்திரி குளிர் அப்படியே உள்ளே இறங்கும், உள்பக்கம் மாட்டுகிற தெர்மல் லைனர் கண்டிப்பாக வாங்குங்கள். நாங்கள் வைத்திருப்பது புகையை வெளியே தள்ளுகிற புரொப்பேன் ஃபர்னஸ். மலிவாகக் கிடைக்கும் டீசல் ஹீட்டர்கள் கீழே நன்றாகத்தான் ஓடும். ஆனால் மேலே ஏற ஏறக் காற்று மெலிந்து எரிபொருள் சரியாக எரியாமல் கரி பிடிக்கும், உயரத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளும் மாடலாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். தீயைத் திறந்து வைத்து உள்ளேயே எரிகிற சின்ன ஹீட்டரைத் தயவுசெய்து வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஒரு பக்கம், ஈரம் இன்னொரு பக்கம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீராவி வருகிறது, அது அத்தனையும் துணியில்தான் போய் ஒட்டும். புரொப்பேன் காற்றைவிடக் கனம் என்பதால் கேஸ் டிடெக்டர் தரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சிலிண்டர் பெட்டிக்கு அடியில் வெளியே போகிற துளை அடைபடாமல் இருக்கிறதா என்றும் அடிக்கடி பாருங்கள்.

ஈரத்துக்கு இன்னும் இரண்டு வைத்தியம்: எவ்வளவு குளிரானாலும் ஒரு ஜன்னல் ஜிப்பைக் கையளவு திறந்து ஃபேனை மெதுவாக ஓட விடுங்கள், மெத்தைக்கு அடியில் காற்றுப் போகிற வலைப் பாய் ஒன்றைப் போடுங்கள். அது இல்லாமல் பலகை மேல் நேராக மெத்தை போட்டால் காலையில் அடிப்பக்கம் நனைந்திருக்கும், விட்டால் பூஞ்சை பிடிக்கும்.

இனி சமையல். ஷெல்லாக வாங்கச் சொன்னதற்கு எனக்குப் பெரிய காரணம் இதுதான். உள்ளே பொருத்திய அடுப்பு இடத்தையும் எடையையும் தின்றுவிட்டு, நம் சமையலுக்கு உதவாமலும் போகும். கடுகு, பெருங்காயம், வெங்காயம் என்று உள்ளே ஒருமுறை தாளித்துப் பாருங்கள், அந்த வாசனை வினைலில் ஏறினால் லேசில் போகாது. நாங்கள் மடக்கு மேசையில் இரண்டு பர்னர் அடுப்பை வைத்து வெளியேதான் சமைக்கிறோம், வண்டியின் பக்கவாட்டில் காற்று மறைவாக.

பிரஷர் குக்கர் இல்லாமல் மலைக்குப் போகாதீர்கள். வொயிட் மவுண்டன் ரோட்டில், பிரிசில்கோன் பைன் மரங்களுக்குப் போகிற வழியில் கிராண்ட்வியூ என்று ஒரு கேம்ப்கிரவுண்ட், 8,600 அடி. அங்கே தண்ணீர் சுமார் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு போட்டால் கேஸ்தான் தீரும், பருப்பு கல்லாகவே கிடக்கும். மூன்று லிட்டர் ஹாக்கின்ஸில் அடியில் பருப்பு, மேலே தட்டில் அரிசி, வீட்டில் வைப்பதைவிட இரண்டு விசில் கூடுதலாக விட்டால் இரண்டும் பதமாக வெந்துவிடும். குக்கருக்குள்ளும் அழுத்தம் வெளிக்காற்றோடு சேர்ந்த கணக்குதான், அதனால் உயரத்தில் உள்ளே சூடும் கொஞ்சம் குறையும், அதற்குத்தான் அந்தக் கூடுதல் விசில். குளிருகிறதே என்று குக்கரை உள்ளே கொண்டுபோகாதீர்கள், முதல் விசிலிலேயே கூரை வியர்த்துவிடும்.

அந்தக் கேம்ப்கிரவுண்டில் குடிநீர் கிடையாது. முழு மாடலில் கூடவே வருகிற 20 கேலன் தொட்டியை நிரப்பினால் 75 கிலோ. நாங்கள் அதற்குப் பதிலாக 20 லிட்டர் ஸ்கெப்டர் கேன் இரண்டு வைத்திருக்கிறோம், தேவைக்குத் தகுந்தபடி ஒன்றோ இரண்டோ. உறைந்து குழாய் வெடிக்கும் கவலையும் இல்லை.

வாசனைப் பேச்சு வந்ததால் கரடி. துணிச் சுவர் கேம்பரின் பெரிய குறை இதுதான், வாங்கும்போது யாரும் சொல்லமாட்டார்கள். யோசெமிட்டி தேசியப் பூங்காவில் கெட்டிச் சுவர் ஆர்விக்குள் (உள்ளேயே தங்குகிற பயண வண்டி) சாப்பாட்டை மூடி வைக்கலாம், ஆனால் துணி வைத்ததற்கு அந்தச் சலுகை கிடையாது. ஃப்ரிட்ஜில் இருப்பது உட்பட எல்லாவற்றையும் கேம்ப்கிரவுண்டில் இருக்கும் இரும்பு லாக்கருக்கு மாற்ற வேண்டும். எங்கள் ஃப்ரிட்ஜ் கைப்பிடியோடு தூக்குகிற வகை என்பதால் சமாளிக்கிறோம். யெல்லோஸ்டோனின் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பார்க்கில் கெட்டிச் சுவர் வண்டிகளுக்கு மட்டும்தான் இடம். கரடி நாட்டில்தான் அதிகம் சுற்றுவீர்கள் என்றால் அலாஸ்கனின் எடையையும் விலையையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

காற்றும் அப்படித்தான். ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் சாயங்காலம் காற்று பிடித்தால் துணி படபடவென்று அடித்து ராத்திரி முழுக்கத் தூங்கவிடாது. வண்டியின் மூக்கைக் காற்றைப் பார்த்துத் திருப்பினால் கொஞ்சம் அடங்கும். அதற்கும் அடங்காவிட்டால் கூரையை இறக்கிவிட்டுக் கீழே பெஞ்சில் படுக்க வேண்டியதுதான்.

கேம்பரை ட்ரக்கோடு பிடித்து வைத்திருப்பது நான்கு டர்ன்பக்கிள் (முறுக்கினால் இறுகும் இணைப்பு). பெட்டியின் உள்மூலைகளில் சின்னக் கதவு இருக்கும், கையை விட்டு முறுக்க வேண்டும். டெத் வேலியில் ரேஸ்டிராக் போகிற சாலை போல அலை அலையாக மேடு விழுந்த வாஷ்போர்டு ரோட்டில் ஓடினால் அவை தானாகவே தளரும். பூட்டு நட் போட்டுக்கொள்ளுங்கள். மண் சாலையில் இறங்குவதற்கு முன்னாலும், தார் ரோட்டுக்குத் திரும்பிய பிறகும் நான்கையும் தொட்டுப் பாருங்கள். டயர் காற்றைக் குறைத்துவிட்டு ஓட்டினால் கேம்பருக்கும் நல்லது, உள்ளே இருக்கும் முட்டைக்கும் நல்லது.

விலை என்று பார்த்தால், புதிய ஷெல்லுக்கு மட்டும் நாங்கள் 20,000 டாலருக்கு மேல் கொடுத்தோம். பழையதும் நல்ல விலைக்குத்தான் போகிறது, ஆனால் கிடைத்தால் விடாதீர்கள். பார்க்கப் போகும்போது கூரையை ஏற்றச் சொல்லி, துணி மடிகிற மூலைகளில் வெளிச்சம் தெரிகிறதா என்று உள்ளே இருட்டில் நின்று பாருங்கள். கூரையைத் தாங்கும் பலகையின் கீல்கள், படுக்கைக்கு அடியில் இருக்கும் ஒட்டுப்பலகை, தரை மூலைகள் இவற்றைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், அமுங்கினால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். துணியை மாற்றிக்கொள்ளலாம், கேஸ் ஸ்ட்ரட்டையும் மாற்றிக்கொள்ளலாம். கேபினுக்கு மேலே நீட்டுகிற இடத்தில் அலுமினியச் சட்டத்தின் வெல்டிங் விரிசல் விட்டிருந்தால் மட்டும் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.